ஹார்லனின் ஆமைகள் மண்ணுக்குள் போகவில்லை

ஹார்லன் ஸ்டிவர்ஸைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெண்டாட்டி போனதும் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் தேவாலயத்தில். பிடிவாதம் பிடித்த கிழம் என்பான் தீவனக்கடை வர்ஜில். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்? வேலிக்கு இந்தப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருப்பவள் நான். அவன் வீட்டில் பன்றிக்கறி வறுத்தால் என் வீட்டுத் திரைச்சீலையில் வாசம் ஏறும். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஹார்லன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். இந்த ஓசார்க் மலைப் பாதையில் விடியற்காலையும் சாயங்காலமும் ஓட்டி ஓட்டி, அவன் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தது. அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கு இமோஜீன் இருந்தாள். அவள் அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். காலையில் அவன் பஸ்ஸிலேயே முன் இருக்கையில் உட்கார்ந்து போவாள். பிள்ளை குட்டி இல்லை. பஸ் நிறைய இருக்கிற பிள்ளைகளே போதும் என்பாள்.

அவளுக்கு ஆமைப் பைத்தியம். எங்கள் மலையில் பெட்டி ஆமை என்று ஒன்று உண்டு. பயந்தால் அடி ஓட்டை மடக்கி, மூடி போட்ட டப்பா மாதிரி இறுக்கிக்கொள்ளும். மே மாத மழைக்கு ரோட்டைக் கடக்கும். கார்க்காரனுக்குக் கண் தெரியுமா, நசுக்கிவிட்டுப் போய்விடுவான். இமோஜீன் பார்த்துவிட்டால் போதும், பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் கேட்கும்.

"ஹார்லன், நிறுத்து! ஆமை!"

"பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிருவாங்கடி."

"அடிக்கட்டும். மணிக்கு என்ன காலா இருக்கு, ஓடிப்போக?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவான். அவள் இறங்கி, அது எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுவாள். வேறு இடத்தில் விட்டால் பெட்டி ஆமை சொந்த இடத்தைத் தேடித் தேடியே செத்துப்போகும். ஓடு உடைந்ததை, கால் போனதை, கண் போனதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். படகு ஒட்டுகிற பசையால் ஓட்டை ஒட்டுவாள். அப்படிச் சேர்ந்தவைதான் கொல்லையில் இருந்த ஐந்தும்.

அதுகளுக்குப் பெயர் வைத்தாள் பாருங்கள், அதில்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் இருந்த பெண்கள் பெயரையெல்லாம் தூக்கி ஆமைகளுக்கு வைத்துவிட்டாள். ஒன்று ரோவீனா. ஒன்று ஹேசல். ஒன்று டெல்ஃபா. எப்போதும் வாயைத் திறந்துகொண்டே இருக்கும் சிவப்புக் கண் ஆண் ஆமைக்குப் 'பாஸ்டர்'. மிச்சம் இருந்த ஒன்றுக்கு ஓபல். என் பெயர்!

"ஏண்டி இமோஜீன், நான் என்ன அவ்வளவு மெதுவாவா நடக்குறேன்?"

"நடைக்காக வெக்கலடி. சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்குது, அதுக்காக."

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவளே ஒரு பீச் பழப் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தாள். நானும் டாண்ணு வந்து நின்றுவிட்டேன், என்ன செய்ய.

குளிர் தொடங்கினால் அவளுக்கு ஒரு முறை இருந்தது. கொல்லையில், தெற்கு வெயில் விழுகிற கொட்டகைச் சுவரை ஒட்டி ஆமைக் கூண்டு. உள்ளே ஒரு குழி. குழி நிறைய இளகிய மண்ணும் ஓக் மரச் சருகும். சுற்றி வைக்கோல் கட்டு. செப்டம்பரில் ராத்திரி கொஞ்சம் சில்லிட்டால் பழைய கம்பளத்தை மேலே விரித்துவிடுவாள், அவ்வளவுதான். அக்டோபர் வந்ததும் தீனியை நிறுத்திவிடுவாள். வயிறு காலியாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கிடப்பது அழுகி அதையே கொன்றுவிடும். குளிர் ஏற ஏற ஆமைகள் மந்தமாகி ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். ஏப்ரலில்தான் வெளியே வரும். இங்கே இதற்கு ஒரே பேச்சுதான்: மண்ணுக்குள் போவது.

முதல் வருடம் அவள் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "ரோவீனா மண்ணுக்குள்ள போயிட்டா ஓபல்," என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முந்தின ஞாயிறுதானே பக்கத்தில் நின்று பாடினாள்! அவசர அவசரமாகக் கோழிக்கறியும் நூடுல்ஸும் போட்டு அடுப்பில் சுட்டு, சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி துணி மூடி எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். ரோவீனாவே வந்து திறந்தாள். இமோஜீன் அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்தாள். ஹார்லன்கூடச் சிரித்தான்.

போன ஆகஸ்டில் இமோஜீன் இறந்தாள். கணையத்தில் புற்றுநோய். வசந்தம் முழுக்க, கோடை முழுக்க ஸ்பிரிங்ஃபீல்ட் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, அங்கேயே போனாள். அடக்கத்தின்போது எல்லோரும் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம்; ஹார்லன் மட்டும் நகரவில்லை. பெட்டி இறங்குவதையும், குழிக்காரர்கள் மண் தள்ளுவதையும், கடைசி மண்வெட்டி வரைக்கும் நின்று பார்த்தான். அவன் தட்டில் வைத்த பொரித்த கோழி அப்படியே ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஐந்து ஆமைகள்தான். இமோஜீன் இருந்தவரைக்கும் அதுகளைக் கண்ணெடுத்தும் பார்க்காதவன், காலையும் மாலையும் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தான். மண்புழு தோண்டினான். பூசணித்துண்டு வெட்டிப் போட்டான். "அவ உயிரோட விட்டுட்டுப்போனது இதுங்கதான். ஒண்ணு போனாலும் நான் தாங்கமாட்டேன் ஓபல்," என்றான். நாடகமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு டயர் மாற்ற வேண்டும் என்கிற குரலில் சொன்னான்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் வேலிக்கு வந்தான்.

"இன்னிக்கு ராத்திரி குளிருமாம்."

"அக்டோபர்ல குளிராம பின்ன கொதிக்குமா?"

"இமோஜீன் என்ன செய்வா?"

"தீனிய நிறுத்துவா. சருகை அள்ளிப் போடுவா. அதுங்க பாட்டுக்கு மண்ணுக்குள்ள போயிரும்."

அவன் முகம் வெளுத்துப்போனது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்த வருஷம் வேண்டாம்," என்றான்.

"வேண்டாம்னா? அதுங்க உன்ன கேட்டுக்கிட்டா போகுது?"

திரும்பி வீட்டுக்குள் போய்விட்டான்.

அந்த வாரம்தான் தீவனக்கடையில் பெர்சிமன் கொட்டையைப் பிளந்தார்கள். இலையுதிர் காலத்தில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலை அது. பழத்துக் கொட்டையைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு உருவம் தெரியும். முள்கரண்டி தெரிந்தால் லேசான குளிர்காலம். கத்தி தெரிந்தால் வெட்டுகிற காற்று. கரண்டி தெரிந்தால் பனியை அள்ளிக் கொட்டும். பறவைத் தீனி வாங்கப் போன நானும் அங்கேதான் நின்றேன், ஹார்லனும் வந்திருந்தான். வர்ஜில் பிளந்தது அத்தனையும் கரண்டி.

"ஓபலம்மா, இந்தத் தடவை உங்க வீட்டுக் கதவைத் தோண்டித்தான் எடுக்கணும்," என்று சிரித்தான்.

ஹார்லன் சிரிக்கவில்லை. பிளந்த கொட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற சிவப்பு விளக்கு ஒன்று கொடு என்றான்.

"குளிர்காலம் வருது, இப்ப எவன்யா குஞ்சு பொரிக்கிறான்?"

"குஞ்சுக்கு இல்ல. ஆமைக்கு."

கடையே கொல்லென்று சிரித்தது. ஹார்லன் விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். நான் சிரித்தவர்களைத் திட்டினேன். ஆனால் அவன் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

சமையலறைச் சன்னல் வழியாக வயர் இழுத்துக் கூண்டுக் கூரையில் விளக்கைத் தொங்கவிட்டான். அன்றிலிருந்து அவன் கொல்லை பொழுது சாய்ந்தால் செக்கச்செவேலென்று இருக்கும். சூடு பட்டதும் ஆமைகளுக்குக் கோடை போகவில்லை என்று நினைப்பு. ஐந்தும் விளக்குக்குக் கீழே வந்து கழுத்தை நீட்டிக் கிடந்தன. நவம்பரிலும் மண்புழு தின்றன. மாதக் கடைசியில் நன்றி நாள் பண்டிகையன்று வான்கோழியோடு செய்கிற சர்க்கரைவள்ளி மசியலைக்கூட ஒரு தட்டில் கொண்டுபோய் வைத்தான். குழியில் சருகு கலையாமல் அப்படியே கிடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அவன் வாயில் வார்த்தை வந்தது அந்தக் கூண்டுப் பக்கம் மட்டும்தான். காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, "என்ன பாஸ்டர், இன்னிக்குப் பிரசங்கம் இல்லையா?" என்பான். "ஓபல், நேத்து நீதான அதிகம் தின்ன?" என்பான். அது ஆமையிடம் கேட்கிறான் என்று தெரிந்தும் எனக்கு ரோஷம் வரும். அதைப் பார்க்கிறபோது விளக்கை அணை என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். கடைசியாகச் சொன்னது கிறிஸ்துமஸுக்கு முன்னால்.

"ஹார்லன், நல்லா கேட்டுக்கோ. அதுங்களுக்குக் குளிர் வேணும். குளிர்ந்தாதான் தோண்டும். தோண்டினாதான் பிழைக்கும். நீ தூங்கவே விடமாட்டேங்குற."

"எதுக்குத் தூங்கணும்? நல்லாத்தான இருக்குதுங்க."

"கரண்ட் போச்சுன்னா?"

"உள்ள தூக்கிட்டு வந்துருவேன்."

"முட்டாள்தனமா பேசாத. மண்ணுக்குள்ள போறது சாவு இல்லடா. தூக்கம். ஏப்ரல்ல எழுந்து வரும்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. விளக்கு வெளிச்சமோ என்னவோ.

"இமோஜீனையும் அப்பிடித்தான் சொன்னாரு பாஸ்டர். குழி மேட்டுல நின்னுக்கிட்டு, அவ சாகல, தூங்குறா, ஒருநாள் எழுந்து வருவான்னாரு. எந்த ஏப்ரல்லன்னு மட்டும் சொல்லல."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். தேவனை நான் நம்புகிறவள்தான். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து நான் அர்கான்சாஸில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஐஸ் மழை வந்தது. பனி என்றால்கூடப் பரவாயில்லை. இது மழையாக இறங்கி, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறைகிற சனியன். மரக்கிளை ஒவ்வொன்றும் பாரம் தாங்காமல் முறிந்து விழும். விழுகிற கிளை மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழும். மலை முழுக்க மின்சாரம் போனது. ஹார்லன் கொல்லையில் விளக்கும் போனது.

சொன்னபடியே அவன் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு ஆமைகளைத் தூக்கிவரக் கிளம்பியிருக்கிறான். பின்பக்கப் படியில் முதல் காலை வைத்ததுமே வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தவழ்ந்து வீட்டுக்குள் வரத்தான் முடிந்திருக்கிறது. கூண்டு இருந்தது பத்தடி தூரத்தில். அங்கே போக முடியவில்லை. மலைக்குக் கீழே இருப்பவர்கள் மறுநாள் வயதானவர்களைப் பார்த்துவர வந்தபோது சமையலறைத் தரையில் கண்டெடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆமை, ஆமை என்று வழியெல்லாம் சொல்லியிருக்கிறான். வலியில் பினாத்துகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ரோடு திறந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹார்லன்.

"ஓபல், போய்ப் பாரு. இப்பவே போ. மண்ணுக்குள்ள போயிட்டாங்களான்னு பாரு."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை. ஐயோ என்று இருந்தது எனக்கு.

கோட்டைக்கூடக் கழற்றாமல் போனேன். வைக்கோல் கட்டு உறைந்து பாறையாகியிருந்தது. கூரையைக் காலால் உதைத்துத்தான் திறந்தேன். ஐந்தும் அணைந்த விளக்குக்கு நேர் கீழே ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடந்தன. எந்த நேரமும் சூடு மறுபடி வரும் என்று காத்திருந்த மாதிரி. இரண்டடி தள்ளிக் குழி. அதில் ஒரு சருகுகூட நகரவில்லை. பாஸ்டர் மட்டும் கழுத்தை வெளியே நீட்டியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. என் பெயர் கொண்டதைக் கையில் எடுத்தேன். ஐஸ்கட்டி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து நான் சத்தம் போட்டு அழுதேன். ஆமைக்காக அழுதேன் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

திரும்பப் போன் போட்டேன். மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"போகல ஹார்லன். விளக்குக்குக் கீழதான் இருக்காங்க."



"செத்துட்டாங்களா?"

"தெரியல. குளிர்ல ஆமை செத்துச்சா தூங்குதான்னு யாரால சொல்லமுடியும்? வேணும்னா என் அடுப்புப் பக்கத்துல வெச்சுச் சூடு காட்டிப் பாக்கவா?"

"வேண்டாம்!" என்று கத்தினான். பிறகு குரல் இறங்கியது. "வேண்டாம் ஓபல். இனிமே சூடே காட்டாத. குழியில வெச்சுச் சருகைப் போட்டு மூடிரு. இமோஜீன் செய்யுற மாதிரி. ஏப்ரல் வரைக்கும் பாப்போம்."

குழியை நான் கடப்பாரையால் குத்தித்தான் இளக்கினேன். ஐந்தையும் வரிசையாக வைத்து மண்ணும் சருகும் போட்டு, வைக்கோலை மேலே அடுக்கினேன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு ஏப்ரலாவது கிடைக்கட்டும் என்று இருந்தது.

மார்ச் கடைசியில் பிடித்து நடக்கிற வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். துணிப்பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. நேரே கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னான். தினமும் நான் வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டு சருகையே பார்த்துக்கொண்டிருப்பான். சருகு காற்றில் அசைந்தாலும் நிமிர்ந்து உட்காருவான்.

மலையெல்லாம் பூத்தது. ஏப்ரல் பாதியில் நல்ல வெதுவெதுப்பான மழை ஒன்று பெய்து, மறுநாள் ரோட்டில் ஆமைகள் கிளம்பிவிட்டன. தபால் எடுக்கப் போன நானே இரண்டைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன். அவனிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அவனே பார்த்துவிட்டான்.

"மத்ததுங்க எழுந்திருச்சுருச்சு," என்றான்.

"ஆமா."

"இதுங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகும். இன்னும் ஒரு மழை வேணும்."

இன்னும் ஒரு மழையும் பெய்தது. அதன்பின் குழி மேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது. எனக்கு மூக்கு இருக்கிறது, அவனுக்கும் இருக்கிறது. அவன் தொப்பியால் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது?

ஒரு மத்தியானம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தோண்டு ஓபல்," என்றான்.

"நான் பாத்துக்குறேன். நீ உள்ள போயிரு."

"தோண்டு."

கையாலேயே விலக்கினேன். ஆழம் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. முதலில் வந்தது ஹேசல். ஓட்டுச் சில்லு என் விரலோடு உரிந்து வந்தது. இமோஜீன் ஒட்டிய பசை மட்டும் கெட்டியாக இருந்தது. மற்றதைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. "போயிட்டாங்க ஹார்லன். எல்லாரும் போயிட்டாங்க," என்றேன்.

அவன் கையை நீட்டி அந்த ஓட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. பஸ் ஓட்டுகிறவன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"ஜூலையிலயே சொன்னா ஓபல். போதும் ஹார்லன், ஊசி போதும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு, நம்ம கட்டில்ல படுத்துக்கிட்டுப் போயிடுறேன்னா. என்ன விட்டுருன்னா. நான் விடல. இன்னும் ஒரு மருந்து, இன்னும் ஒரு வாரம்னு டாக்டர் காலைப் பிடிச்சேன். குளிருதுன்னு நடுங்குவா. போர்வை மேல போர்வையாப் போட்டு, போகாதே, போகாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"பாசத்துலதான செஞ்ச," என்றேன்.

"இதுங்களுக்கும் பாசத்துலதான் செஞ்சேன்."

அவன் ஓட்டின் மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தட்டிவிட்டான்.

"என்மேல கோவத்தோட போயிருப்பாளா ஓபல்?"

"என்ன பேச்சு பேசுற! உன்மேல அவ என்னிக்குக் கோவப்பட்டிருக்கா?"

"கடைசி ரெண்டு நாளும் அவ என் பக்கம் திரும்பல," என்றான். "கூப்பிட்டேன். காதுல விழுந்துச்சு. கண்ணு முழிச்சுத்தான் இருந்தா. சுவரையே பாத்துக்கிட்டுப் போயிட்டா."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். ஈர மண்ணில் அவன் காலடியில் உட்கார்ந்தேன்.